மரக்கலம் – 19: சிரியாக் கரையில் ஒதுங்கிய பலகை

இந்த வாரம் வைக்கிங்குகளின் இரும்பு ஆணிகள் என்று அறிவித்திருந்தேன். குறிப்புகளும் தயாராகத்தான் இருந்தன. எகிப்தின் கூஃபு மன்னனுடைய கப்பலை 1,224 துண்டுகளிலிருந்து மறுபடி கட்டியெழுப்பிய கதை சென்ற இதழோடு முடிந்தது. அந்தப் பலகைகளைப் பிணைத்ததும் கயிறுதான் என்பது மட்டும் நினைவிருந்தால் போதும். கயிற்றை விட்டு ஆணிக்குப் போகலாம் என்று உட்கார்ந்த ஞாயிறு இரவில், ஒரு பழைய பலகை வந்து குறுக்கே விழுந்தது. நாளைக் காலை பக்கம் அச்சுக்குப் போகிறது. அந்தப் பலகையை விட்டு நகர எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

அதைப் பற்றி எழுதி வைத்தவர் அபூ சைத் அல் சீராஃபி. பாரசீக வளைகுடாவின் ஈரான் கரையில் சீராஃப் என்றொரு பெரிய துறைமுகம் இருந்தது, அந்த ஊர்க்காரர். 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்தியாவுக்கும் சீனாவுக்கும் போய்வந்த வணிகர்கள் சொன்னதையெல்லாம் கேட்டுத் தொகுத்தவர். தம் காலத்தில் நடந்த ஒரு சங்கதி என்று அவர் சொல்வது இது: உடைந்த கப்பல் ஒன்றின் மரத்துண்டுகள் மத்தியதரைக் கடலில் மிதந்து வந்து சிரியாப் பக்கம் கிடைத்தன. பலகைகளின் ஓரத்தில் வரிசையாகத் துளைகள் இருந்தன. துளைகள் வழியே தையல் ஓடியிருந்தது. சிரியாவிலும் ரோமானியர் நாட்டிலும் கட்டும் கப்பல்களுக்கு ஆணிதான் அடிப்பார்கள். தைப்பது சீராஃப் கப்பல்களின் வழக்கம். அப்படியானால், இந்தியக் கடலில் ஓடவேண்டிய பலகை இந்தக் கரைக்கு எப்படி வந்தது?

சூயஸ் கால்வாய் திறந்தது 1869இல். அபூ சைத் காலத்தில் இரண்டு கடலுக்கும் நடுவே மணல்தான் கிடந்தது. அவர் யோசிக்கிறார். கடல்கள் எங்கோ ஓரிடத்தில் ஒன்றோடொன்று சேர்ந்துதான் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வருகிறார். கப்பல் கிழக்கே உடைந்து, சீனாவுக்கும் அப்பால் சுற்றி, துருக்கியர் நிலத்தின் பின்புறமாக அலைந்து இங்கே வந்து சேர்ந்தது என்பது அவர் கணக்கு. வழியைப் பற்றி அவர் சொன்னது சரியில்லை. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. ஊர் பெயர் இல்லை, சொந்தக்காரன் முத்திரை இல்லை. ஒரு பலகையின் தையலை மட்டும் பார்த்து அது எந்தக் கடலைச் சேர்ந்தது என்று சொல்லிவிட்டு, அதை வைத்தே உலகத்தின் வடிவத்தைக் கேட்டிருக்கிறார் மனிதர். சில பத்தாண்டுகள் கழித்து எழுதிய அல் மசூதியும், கிரீட் தீவுப் பக்கம் தேங்காய் நாரால் தைத்த தேக்குப் பலகைகள் கிடைத்ததாகக் குறிக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதே அபூ சைத் இன்னொன்றும் சொல்கிறார். ஓமான்காரர்கள் கையில் தச்சுக் கருவிகளை எடுத்துக்கொண்டு தென்னை வளரும் தீவுகளுக்குப் போவார்களாம். வேண்டிய மரங்களை வெட்டி, காயவைத்து, பலகை அறுப்பார்கள். மட்டை நாரைத் திரித்து, அந்தக் கயிற்றால் பலகைகளைத் தைப்பார்கள். பாய்மரமும் தென்னை, பாயும் தென்னை. கடைசியில் கப்பல் நிறையத் தேங்காயை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பி விற்பார்கள். கப்பலும் சரக்கும் ஒரே மரம்! தென்னையின் பயன்களைப் பள்ளிக்கூடத்தில் கட்டுரையாக எழுதாத தமிழ்ப் பிள்ளை கிடையாது. அந்தக் கட்டுரைகளில் இந்தக் கப்பலை யாரும் சேர்த்ததில்லையே என்று எனக்கு ஆதங்கம்.

ஏன் தைத்தார்கள்? இரும்பு இல்லாததால் என்பது வெகுகாலமாகச் சொல்லப்படும் பதில். 6ஆம் நூற்றாண்டிலேயே பைசாந்திய வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் இதை எழுதிவிட்டார். கடலில் காந்தப் பாறைகள் இருக்கின்றன, அவை ஆணிகளைப் பிடுங்கிவிடும், அதனால்தான் தைக்கிறார்கள் என்று அந்தக் காலத்தில் ஒரு கதை உலவியது. இரும்பு நிறைந்த ரோமானியக் கப்பல்கள் செங்கடலில் பத்திரமாகப் போய்வருகின்றனவே என்று கேட்டு, அவர் அந்தக் கதையைத் தள்ளினார். அதுவரை நல்ல வாதம். அடுத்த அடியிலேயே சறுக்கிவிட்டார்: இந்தியர்களிடம் இரும்பே இல்லை என்றார். ஈரோட்டுக்குப் பக்கத்தில் கொடுமணலில் தோண்டியபோது இரும்பும் எஃகும் உருக்கிய உலைகள் கிடைத்தன. புரோகோப்பியஸ் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய உலைகள் அவை. இரும்பு கையில் இருந்தும் கயிற்றை எடுத்தார்கள் என்பதுதான் என் கட்சி.

மார்கோ போலோ இதை ஒப்புக்கொள்ள மாட்டார். ஹோர்முஸ் துறைமுகத்தில் தைத்த கப்பல்களைப் பார்த்து, மோசமான கப்பல்கள், நிறைய மூழ்குகின்றன என்று எழுதினார். 14ஆம் நூற்றாண்டில் அதே கடல்களில் பயணம் செய்த இப்னு பதூதா வேறு சாட்சி சொல்கிறார். அந்தக் கடலில் பாறைகள் அதிகம்; இரும்பு ஆணி அடித்த கப்பல் மோதினால் பிளந்துவிடும்; நார்க்கயிற்றால் தைத்தது வளைந்து கொடுக்கும், உடையாது என்கிறார். நான் இப்னு பதூதா பக்கம்.

அதற்கு நம் கரையிலேயே சான்று உண்டு. சென்னைக்குத் துறைமுகம் கட்டுவதற்கு முன்பு கப்பல்கள் தொலைவில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆட்களையும் சரக்கையும் அலை மேல் ஏற்றி இறக்கிக் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். விலா எலும்பு போல உள்ளே நிற்கும் வங்குகள் அவற்றில் கிடையாது. பலகைகள் கயிற்றால் மட்டுமே பிணைந்திருக்கும். அலை தூக்கி மணலில் அறையும்போது படகு முழுவதும் நெளியும், பிறகு தன் வடிவத்துக்குத் திரும்பிவிடும். ஆலப்புழையில் சுற்றுலா போகிறவர்கள் ஏறும் கெட்டுவள்ளத்தின் பெயரிலேயே கட்டு இருக்கிறது.

தைக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பலகைகளை விளிம்போடு விளிம்பாக நிறுத்துவார்கள். இரண்டின் ஓரத்திலும் நேருக்கு நேர் துளை போடுவார்கள். இணைப்பின் மேல், உள்பக்கமாக, நாரைத் திரணையாக வைத்து, அதற்கு மேல் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டுவார்கள். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர்; இருவரும் ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். பிறகு துளைகளை அடைப்பார்கள். தண்ணீரில் இறங்கியதும் மரம் ஊதும், தையல் இன்னும் இறுகும். கப்பல் புழு துளைக்காமல் இருக்க அடிப்பக்கத்தில் சுண்ணாம்பையும் ஆட்டுக் கொழுப்பையும் குழைத்துப் பூசுவது அரபிக் கரையின் வழக்கம். தேங்காய் நார் உப்புத் தண்ணீரைத் தாங்கும். மட்டையை மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறவைத்து, அடித்து, நார் பிரித்து, கையால் திரித்த கயிறு அது. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் 'காயர்' என்ற பெயரே மலையாளக் 'கயர்' தந்தது.

இதையெல்லாம் ஏட்டில் படித்தால் போதாது என்று 1980இல் ஒருவர் இறங்கினார். ஐரிஷ் கரையில் குடியிருந்த டிம் செவரின், ஓமான் சுல்தானின் ஆதரவோடு, சூர் என்ற ஊரில் 87 அடி நீளக் கப்பலைத் தைத்துக் கட்டவைத்தார். பெயர் 'சோஹார்'. மரம் மலபார்க் காடுகளின் ஆயினி. தைக்க வந்தவர்கள் லட்சத்தீவுக்காரர்கள். ஆணி ஒன்றுகூடக் கிடையாது. செலவான தேங்காய்க் கயிறு சுமார் 640 கிலோமீட்டர். சென்னையிலிருந்து தண்டவாளத்தோடு ஒட்டி விரித்துக்கொண்டே போனால் திருநெல்வேலியை நெருங்கிவிடும்!

அந்தக் கட்டுமானத்தில் பெரும்பங்கு வகித்தவர் அலி மணிக்ஃபான். மினிக்காய்த் தீவில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு அதிகமில்லை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர். ஒரு மீன் இனத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் வேதாளையில் குடியிருந்தவர். 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ராமேசுவரம் போகும் வழியில் வேதாளையை எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். அந்த ஊரில் வாழ்ந்த ஒருவர் ஓமானில் போய் ஆயிரம் ஆண்டுப் பழைய தொழிலில் கப்பல் கட்டினார் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பேருந்திலிருந்து இறங்கியிருப்பேன்.

'சோஹார்' 1980 நவம்பரில் மஸ்கட்டில் புறப்பட்டது. கோழிக்கோடு, இலங்கை, சுமத்ரா, மலாக்கா, சிங்கப்பூர் என்று போய் 1981 ஜூலையில் சீனாவின் கான்டன் சேர்ந்தது. இலங்கை தாண்டியதும் காற்றே இல்லாமல் நாள்கணக்கில் நின்றது. பாய் தாங்கும் பெரிய கழி முறிந்தது. முறிந்தது கழிதான், தையல் விடவில்லை. இப்போது மஸ்கட்டில் ஒரு சாலை ரவுண்டானாவில் நிறுத்திவைத்திருக்கிறார்கள். 2025 மே மாதம் நம் கடற்படை கார்வாரில் சேர்த்துக்கொண்ட 'கௌண்டின்யா'வும் தைத்த கப்பல்தான். அஜந்தா ஓவியத்தைப் பார்த்து வடிவமைத்தது, கேரளத் தச்சர்கள் தைத்தது. அதற்கு ஒரு முழு வாரம் வேண்டும்.

வைக்கிங் ஆணிகள் அடுத்த இதழில் உறுதியாக வரும். குறிப்புகளை மூடும் முன் ஒன்று கண்ணில் பட்டது. 1904இல் நார்வேயில் தோண்டியெடுத்த ஓசபெர்க் கப்பலில் பலகையையும் பலகையையும் சேர்ப்பது இரும்பு ஆணிதான். ஆனால் அந்தப் பலகைகளை உள்ளே வங்கோடு சேர்த்திருப்பது திமிங்கிலத்தின் வாய்த்தகட்டிலிருந்து கிழித்த நார். அதற்கு முன் 1880இல் கிடைத்த கோக்ஸ்டாட் கப்பலில் அந்த வேலையைச் செய்வது ஸ்புரூஸ் மரத்தின் வேர்.