சாய்தளத்தில் விழும் கதிரொளி

காற்றுமண்டலத்துக்கு வெளியே, சூரியனை நேராக நோக்கிய ஒரு சதுர மீட்டர் பரப்பில் சராசரியாக 1,361 வாட் ஆற்றல் விழுகிறது. காற்றைக் கடக்கையில் ஒரு பகுதி உறிஞ்சப்பட்டும் சிதறியும் போவதால், தெளிந்த நண்பகலில் தரைக்கு வருவது ஏறத்தாழ 1,000 வாட். இதில் மொட்டைமாடியில் உள்ள சூரிய மின்தகட்டுக்கு எவ்வளவு கிட்டும் என்பதை அதன் சாய்வும் திசையும் பெரிதும் தீர்மானிக்கின்றன.

சூரியனிலிருந்து நேரே வரும் கதிரைப் பொறுத்தவரை கணக்கு எளியது. தளத்துக்குச் செங்குத்தான கோட்டுக்கும் கதிருக்கும் இடையிலுள்ள கோணம் படுகோணம் எனப்படும். அது 60 பாகையானால் அதன் கோசைன் மதிப்பு அரை என்பதால், பெறும் ஆற்றலும் பாதியாகிறது. காற்றிலும் மேகத்திலும் சிதறி வானமெங்கும் இருந்து வரும் சிதறுகதிருக்கு இவ்விதி பொருந்தாது. தகடு நிமிர நிமிர அதற்குத் தெரியும் வானம் சுருங்கி, சுவர்போல் நிற்கையில் பாதியாகிவிடும். தரையில் பட்டு எதிரொளிக்கும் மூன்றாவது பங்கு, பனி மூடிய நாடுகளில் அன்றி, குறைந்த சாய்வில் பொருட்படுத்தத் தக்கதன்று.

இவற்றை அளக்கும் கருவி பைரனோமீட்டர். கண்ணாடிக் குமிழுக்குள் இருக்கும் கரிய வட்டு கதிரால் சூடேற, அவ்வெப்ப வேறுபாடு சிறு மின்னழுத்தமாக மாறுகிறது. சூரியனை மட்டும் மறைக்கும்படி சிறு பந்தொன்றை அதன் முன் நிறுத்தினால் சிதறுகதிர் தனியே கிடைக்கும்.

பெர்லினில் டிசம்பர் பிற்பகுதி நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 14 பாகையே உயர்கிறது. அங்கே தெற்கு நோக்கி 60 பாகை சாய்ந்த தகடு, கிடைத்தளத்தைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு நேர்க்கதிரைப் பெறும். சென்னையின் நிலை முற்றிலும் வேறு. 13 பாகை வட அட்சத்தில் இருப்பதால் ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் அங்கு சூரியன் உச்சந்தலைக்கு மேல் வருகிறது. இடைப்பட்ட காலத்தில் நண்பகலில் வடக்கே நிற்பதால், தெற்கே சாய்ந்த தகடு அப்போது சிறிது இழக்கவே செய்கிறது. டிசம்பரில் 13 பாகைச் சாய்வு நண்பகல் நேர்க்கதிரை ஏறத்தாழ 15 விழுக்காடு கூட்டும். எனினும் சூரியன் தாழத் தொடங்கும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலேயே வடகிழக்குப் பருவமழை மேகங்கள் நேர்க்கதிரை மறைத்துவிடுவதால், அந்த ஆதாயத்தில் ஒரு பகுதி கைக்கு வருவதில்லை. ஆகவே அட்சத்துக்கு ஈடான சாய்வு என்னும் வழக்கமான விதியைத் தமிழகத்தில் இறுகப் பற்றவேண்டிய தேவையில்லை. சில பாகை கூடினாலும் குறைந்தாலும் ஆண்டு விளைச்சல் அதிகம் மாறாது. ஆனால் தகட்டை முற்றிலும் கிடையாகப் பொருத்துவது தவறு, ஏனெனில் மழைநீர் வழிந்தோட வழியின்றித் தகட்டின் மேலேயே தேங்கி, உலர்ந்தபின் அங்கே படியும் புழுதி கதிரொளியைத் தடுக்கும்.