புயல் வேறு, சூறை வேறு: மலையடிவாரத்துக் காற்றுகளை இனம் அறிதல்

சித்திரை மாதத்தில் இராஜபாளையம் மாந்தோப்புகளில் சப்பட்டையும் பஞ்சவர்ணமும் காய்த்துத் தொங்கும். நண்பகல் வரையில் ஓர் இலையும் அசையாது. புழுக்கம் தாங்க இயலாது. பிற்பகல் மூன்று மணி அளவில் மேற்கு மலையின் மேல் கருமுகில் திரளும். திடீரெனக் குளிர்ந்த காற்று முகத்தில் அறையும். புழுதி எழுந்து கண்ணை மறைக்கும். கால் மணி நேரம் பெருங்காற்றும் மழையும் அடித்து ஓயும். அதன்பின் தோப்புக்குச் சென்று பார்த்தால், காய்களில் பாதி தரையில் கிடக்கும். குலை தள்ளிய வாழைகள் சாய்ந்து கிடக்கும். மறுநாள் ஊர் முழுவதும், "நேற்றுப் புயல் அடித்தது, வானொலியில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே!" என்று பேசுவார்கள்.

இவ்வாறு குறைகூறுவது இயல்பே. ஆயினும் அடித்தது புயல் அன்று. புயலுக்கு இரண்டு மூன்று நாள்களுக்கு முன்பே அறிவிப்பு வரும். சித்திரை மாதத்துச் சூறைக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பு அறிவிப்பு வந்தாலே பெரிது. காற்றின் இனம் மாறினால் எச்சரிக்கை மாறும். எச்சரிக்கை மாறினால் நாம் செய்ய வேண்டிய காரியமும் மாறும். எல்லாவற்றையும் புயல் என்னும் ஒரே பெயரால் அழைக்கும் வரையில், வராத அறிவிப்புக்காகக் காத்திருந்து பொருளை இழப்போம். ஆதலின், ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரத்தில் வீசும் காற்றுகளின் வகைகளை ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் பிரித்து அறிதல் இன்றியமையாதது.

ஆடிக் காற்று

நம் முன்னோர் காற்றை அது வரும் திசையால் பெயரிட்டனர். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தெற்கிலிருந்து வருவது தென்றல். மேற்கிலிருந்து வருவது கோடை. மலையடிவாரத்து மக்கள் அந்த மேல்காற்றை நன்கு அறிவர். "ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்னும் பழமொழி அதன் வேகத்தைச் சொல்வதே.

ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலிலிருந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகிறது. அதன் மழையில் பெரும்பகுதி கேரளத்தின் பக்கமே பெய்துவிடுகிறது. காற்று மட்டும் மலை முகடுகளைத் தாண்டியும், செங்கோட்டைக் கணவாய் போன்ற இடைவெளிகளின் வழியாகவும் நம் பக்கம் பாய்கிறது. அகன்ற வாய்க்காலில் மெல்ல ஓடும் நீர் குறுகிய மடையில் விரைந்து பாய்வதைப் போலவே, கணவாயில் நுழைந்த காற்றும் விரைவு கொள்கிறது. கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் நிறைந்திருப்பதற்குக் காரணம் இத்தகைய காற்றே.

இக்காற்றின் குணங்கள் மூன்று. ஒரே திசையிலிருந்து வரும். நாள்கணக்கில், வாரக்கணக்கில் வீசும். ஆண்டுதோறும் தவறாது வரும். ஆகவே இதற்குத் தனி எச்சரிக்கையை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை, நாட்காட்டியே போதும். தோப்பின் மேற்கு எல்லையில் பனை, வேம்பு, சவுக்கு, மூங்கில் முதலியவற்றை வரிசையாக நட்டு வளர்த்தல் நிலையான காப்பாகும். மரவேலி ஒன்று தன் உயரத்தைப்போல் ஏறத்தாழ 10 மடங்கு தூரம் வரையில் காற்றின் வேகத்தைத் தணிக்கும். அவ்வேலி சுவர்போல் அடைப்பாக இராமல், காற்றுச் சிறிது ஊடுருவிச் செல்லும்படி இருத்தல் நலம். முழு அடைப்பாயின் காற்று மேலே ஏறித் தாண்டி, மறுபுறம் சுழன்று விழும்.

புயல்

புயல் என்பது கடலில் பிறக்கும் பெரிய காற்றுச் சுழற்சி. வெதுவெதுப்பான கடல்நீர் ஆவியாகி மேலெழுவதே அதற்கு உணவு. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம் பரந்து, நடுவில் தாழ்ந்த அழுத்தம் கொண்டு, நம் நாடு இருக்கும் வட கோளத்தில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் அது சுழலும்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை காற்றின் வேகத்தைக் கொண்டு அதற்குப் படிகள் வகுத்துள்ளது. மணிக்கு 31 முதல் 50 கி.மீ. வரையில் இருப்பின் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்; 51 முதல் 62 வரையில் ஆழ்ந்த தாழ்வு மண்டலம்; 63 முதல் 88 வரையில் புயல்; அதற்கு மேல் தீவிரப் புயல் முதலிய படிகள். 63 கி.மீ. வேகத்தை எட்டிய பின்னரே அதற்குப் பெயர் சூட்டப்படுகிறது. காற்றின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதை மனத்திற் கொண்டால், இப்படிகளின் பொருள் விளங்கும்.

1964 டிசம்பர் 22ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி வந்த புயலும் கடற்பெருக்கும் தனுஷ்கோடியை அழித்ததை முதியோர் மறக்கவில்லை. 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல் தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் இலட்சக்கணக்கான தென்னைகளை வீழ்த்தியது. ஆயினும் நிலத்துக்குள் மேற்கே செல்லச் செல்ல அது வலுவிழந்தது. கடல்நீரின் ஆவி கிடைக்காதபோது புயல் பட்டினியால் மெலிகிறது. நிலத்தின் உராய்வும் அதன் காற்றைத் தணிக்கிறது.

இராஜபாளையம் கிழக்குக் கடலிலிருந்து ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில் உள்ளது. ஆதலின் கடற்கரை ஊர்களில் அடிக்கும் வேகம் இங்கு அப்படியே வந்து சேர்வதில்லை. எனினும் அயர்ந்திருத்தல் கூடாது. புயல் கொணரும் ஈரக்காற்று மலையில் ஏறும்போது பெருமழை பெய்யும். ஓடைகள் நொடியில் பெருகும். புயல் அறிவிப்பு வந்தால் அடிவாரத்து மக்கள் கூரையைப் பார்ப்பதோடு ஓடையையும் பார்க்க வேண்டும்.

புயலுக்கு நமக்குக் கிடைக்கும் பெரும் சாதகம் கால அவகாசம். 72 மணி நேரத்துக்கு முன் முதல் தகவலும், 48 மணி நேரத்துக்கு முன் உஷார் அறிவிப்பும், 24 மணி நேரத்துக்கு முன் எச்சரிக்கையும் வெளியாகும். அவ்வவகாசத்தில் முற்றிய தேங்காய்களையும் காய்ந்த மட்டைகளையும் இறக்கலாம்; விளைந்த வாழைக் குலைகளை வெட்டலாம்; வயலில் தேங்கிய நீரை வடிக்கலாம். ஈரத்தில் இளகிய மண் வேரைப் பற்றுவதில்லை.

கோடைச் சூறை

இனி, நாம் தொடக்கத்தில் கண்ட சித்திரைக் காற்றைப் பார்ப்போம். இது கடலில் பிறப்பதன்று. நம் தலைக்கு மேலேயே பிறப்பது. பங்குனி முதல் வைகாசி வரையில் தரை கடுமையாகச் சூடேறுகிறது. சூடான காற்று, ஈரத்தையும் சுமந்துகொண்டு மலைச்சரிவின் வழியே மேலெழுகிறது. பத்துக் கிலோமீட்டருக்கு மேலும் உயர்ந்து இடிமுகிலாகத் திரள்கிறது. அதிலிருந்து மழை விழும்போது துளிகளில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகிறது. மண்பானையின் நீர் கசிந்து ஆவியாவதால் பானை குளிர்கிறதல்லவா? அவ்வாறே முகிலின் கீழுள்ள காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது மழையோடு சேர்ந்து நேராகக் கீழே விழுகிறது. ஒரு குடம் நீரைத் தரையில் கவிழ்த்தால் அது நாற்புறமும் சிதறிப் பாய்வதைப் போல, விழுந்த காற்று தரையில் மோதி நாற்புறமும் பாய்கிறது. மழைக்கு முன்பே குளிர்காற்று வந்து அறைவதன் காரணம் இதுவே.

இதன் வேகம் சில வேளைகளில் மணிக்கு 100 கி.மீ.யையும் கடக்கும். ஆனால் சில நிமிடங்களோ அரை மணி நேரமோதான் நீடிக்கும். ஓர் ஊரில் மரங்கள் விழ, அடுத்த ஊரில் தூறலும் இல்லாதிருக்கும். ஆகவே மூன்று நாள்களுக்கு முன்பு, இன்ன ஊரில் இன்ன மணிக்கு அடிக்கும் என்று கூற எவராலும் இயலாது. வானிலைத் துறை பொதுவாக மாவட்ட அளவில் இடிமழை எச்சரிக்கை தரும். பின்னர், முகில் திரண்டதை ராடார் கருவியால் கண்டு, அடுத்த 3 மணி நேரத்துக்கான உடனடி முன்னறிவிப்பை வெளியிடும். மின்னலை அறிவிக்கும் தாமினி என்னும் கைப்பேசிச் செயலியும் உள்ளது.

இவ்வளவு குறுகிய அவகாசத்தில் வாழைக்கு முட்டுக்கொடுக்க இயலாது. எனவே சூறைக்கு உரிய ஆயத்தம் பங்குனி பிறக்கும் முன்பே முடிந்திருத்தல் வேண்டும். வாழைக்கு மண் அணைத்து, சவுக்கு அல்லது மூங்கில் கம்பால் முட்டுக் கொடுத்தல், தகரக் கூரைகளின் ஆணிகளையும் கொக்கிகளையும் இறுக்குதல், கூரை வீட்டைக் கயிற்றால் வரிந்து கட்டுதல், பள்ளிக்கூடம், பேருந்து நிறுத்தம் ஆகியவற்றின் மேல் தாழ்ந்த பட்டுப்போன கிளைகளை அகற்றுதல் ஆகியவை முன்கூட்டியே செய்யத்தக்கன. முகில் கறுத்ததும் செய்யத்தக்கது ஒன்றே: ஆளும் மாடும் மரத்தடியை விட்டு அகன்று, உறுதியான கட்டடத்துள் புகுதல். மாங்காய் பொறுக்க ஓடுதல் கூடாது. கடைசி இடி கேட்டபின் 30 நிமிடங்கள் கழித்தே வெளியே வருதல் வேண்டும்.

புழுதிச் சுழலும் டார்னாடோவும்

கோடை நண்பகலில் தரிசு நிலத்தில் சருகும் புழுதியும் கம்பம்போல் சுழன்று எழுவதைக் கண்டிருக்கிறோம். அதனைப் பேய்க்காற்று என்பர். பேய்க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. முகிலற்ற வானத்தின் கீழ், கொதிக்கும் தரையிலிருந்து எழும் சூடான காற்று சுழல்வதே அது. சில நிமிடங்களில் அடங்கும். களத்துமேட்டு வைக்கோலையும் தளர்ந்த கூரையையும் தூக்குவதன்றிப் பெருந்தீங்கு செய்வது அரிது.

டார்னாடோ என்பது உருவத்தால் இதை ஒத்தது, பிறப்பால் வேறுபட்டது. அது வன்மையான இடிமுகிலிலிருந்து தும்பிக்கைபோல் தரைக்கு இறங்குவது. குறுகிய பாதையில் சென்று எதிர்ப்பட்டதை எல்லாம் பெயர்த்தெறியும். மிகக் கொடியவற்றில் வேகம் மணிக்கு 300 கி.மீ.யையும் மிஞ்சும். 1989 ஏப்ரல் 26 அன்று வங்காள தேசத்தில் ஒன்று ஏறத்தாழ 1,300 பேரைப் பலிகொண்டது. 2024 மார்ச் 31 அன்று மேற்கு வங்கத்தின் ஜல்பாய்குரியிலும் ஒன்று சேதம் விளைவித்தது. தமிழ்நாட்டில் அது மிக அரிது. ஆதலின் நம் தோப்பில் நேர்ந்த சேதத்தைப் பார்த்தவுடன் டார்னாடோ என்று முடிவு கட்டிவிடலாகாது.

விழுந்த மரம் சொல்லும் சாட்சி

காற்று போய்விட்டது, அது எந்த இனம் என்று எவ்வாறு அறிவது? விழுந்த மரங்களே சாட்சி சொல்லும். தெத்சுயா ஃபுஜிட்டா என்னும் ஜப்பானிய அறிஞர், 1945இல் அணுகுண்டு வீழ்ந்த நாகசாகியைப் பார்வையிட்டபோது, குண்டு வெடித்த இடத்தின் கீழிருந்து மரங்கள் நாற்புறமும் வெளிநோக்கிச் சாய்ந்திருப்பதைக் கண்டார். பின்னர் அமெரிக்காவில் பணிபுரிகையில், 1974இல் ஒரு பெரும் இடிமழைக்குப்பின் விமானத்திலிருந்து காடுகளை நோக்கினார். அங்கும் அதே நட்சத்திர வடிவில் மரங்கள் கிடந்தன. முகிலிலிருந்து காற்று விழுந்து சிதறுகிறது என்னும் உண்மையை அதன் வழியே அவர் நிறுவினார்.

அவர் கையாண்ட வழியை நாமும் கையாளலாம். ஒரு தோப்பை மட்டும் பாராமல், சுற்றிலும் நான்கைந்து தோப்புகளைப் பார்க்க வேண்டும். எங்கும் மரங்கள் கிழக்கு நோக்கியே சாய்ந்திருந்து, மாதமும் ஆடியாயின், அது மேல்காற்று. ஓர் இடத்திலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்போல் வெளிநோக்கி விரிந்து கிடப்பின், அது சூறை. பல வட்டங்களில் பரவலாக மரங்கள் விழுந்து, முதலில் விழுந்தவை ஒரு திசையிலும் பின்னர் விழுந்தவை வேறு திசையிலும் கிடப்பின், அது புயல். சில நூறு அடி அகலமுள்ள நீண்ட கோட்டில் மட்டும் மரங்கள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாகக் கிடப்பின், அப்போது டார்னாடோவை ஐயுறலாம்.

ஊராட்சி செய்யத்தக்கது

இவ்வறிவு ஏட்டளவில் நிற்பதன்று. சேத அறிக்கையில் "புயலால் சேதம்" என்று எழுதிவிட்டு, அந்நாளில் வானிலைத் துறையின் பதிவில் புயலே இல்லையெனில், உண்மையான இழப்பும் ஐயத்துக்கு இடமாகும். ஆகவே ஊராட்சி ஒவ்வொன்றும் ஒரு காற்றுக் குறிப்பேடு வைத்துக்கொள்ளுதல் நலம். தேதி, தொடங்கிய நேரம், ஓய்ந்த நேரம், காற்று வந்த திசை, இடி, மழை, ஆலங்கட்டி இருந்தனவா என்பது, மரங்கள் சாய்ந்த திசை, சேதமுற்ற புல எண்கள் ஆகியவற்றை அன்றே எழுதி, மரங்களை அப்புறப்படுத்தும் முன் படமும் எடுத்து வைத்தல் வேண்டும். ஆலங்கட்டி விழுந்ததா என்பது சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஆலங்கட்டி மழை போன்ற குறிப்பிட்ட இடர்களால் தனி வயலில் நேர்ந்த சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தல் வேண்டும். மூன்று நாள் கழிந்தபின் நினைவிலிருந்து எழுதும் அறிக்கை பயன்படாது.

அறுந்த மின்கம்பியை எவரும் தொடலாகாது. மின்வாரிய அலுவலகத்துக்குத் தெரிவித்து, அதனருகே ஆள் நிறுத்துதல் வேண்டும். அவசர உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1070. இவ்விரண்டையும் ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைப்பது பெருஞ்செலவு பிடிக்கும் காரியம் அன்று.

சுருங்கக் கூறின், ஆடிக் காற்றுக்கு மரவேலி, புயலுக்கு வானொலி, சூறைக்கு முன்னேற்பாடு. காற்றை நிறுத்த நம்மால் இயலாது. ஆனால் வந்த காற்று இன்னது என்று அறிந்த ஊரில், அடுத்த சித்திரையில் முட்டில்லாத வாழையும் மரத்தடியில் ஒதுங்கும் ஆளும் இல்லாமற்போகச் செய்வது நம் கையில் உள்ளது.