வெள்ளிக்கிழமை வானில் கரையும் பயணம்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 15,350 கிலோமீட்டர். நடுவே எங்கும் இறங்காமல் பயணிகளைச் சுமந்து செல்லும் தடங்களுள் மிக நீண்டது இதுவே. பேரக்குழந்தையைக் காணப் புறப்படும் முதியோரும் இவ்வழியே செல்வதால், இதன் கணக்கைக் குடும்பத்தார் அறிந்திருப்பது நலம்.

சுவரில் தொங்கும் உலகப் படத்தைப் பார்ப்பவர் இவ்விரு ஊர்களையும் கிழக்கு மேற்காகக் கோடிட்டு இணைப்பார். உருண்டையான பூமியில் அது குறுக்குவழி ஆகாது. சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையிலும், நியூயார்க் மேற்கே 74 பாகையிலும் உள்ளன. இரண்டையும் கூட்டினால் 178. உலகின் எதிரெதிர்ப் பக்கங்கள் என்றே சொல்லலாம். ஆகவே, மிகக் குறுகிய வழி வட துருவத்தை ஒட்டியே செல்கிறது. அரைவட்டமான 180 பாகையிலிருந்து இரு ஊர்களின் அட்சரேகைகளான 41, 1 இரண்டையும் கழித்தால் எஞ்சுவது 138. பாகைக்கு 111 கிலோமீட்டர் எனப் பெருக்கினால் மேற்சொன்ன தொலைவு ஏறக்குறைய வந்துவிடும். பள்ளிப் பிள்ளைகளும் போட்டுப் பார்க்கத்தக்க கணக்கு இது.

ஆனால் விமானம் அளவுகோலைப் பார்த்துப் பறப்பதில்லை. காற்றைப் பார்த்துப் பறக்கிறது. மேல்வானில் மேற்கிலிருந்து கிழக்காக விரையும் காற்றோட்டம் உண்டு. அதன் துணையை நாடி, சிங்கப்பூரிலிருந்து செல்கையில் பசிபிக் கடலைக் கடக்கிறது. திரும்புகையில் பல நாள்களில் அட்லாண்டிக் கடலையும் ஐரோப்பாவையும் கடந்து வருகிறது. கிலோமீட்டர் கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிஞ்சுகின்றன. கிழக்கே போனவர் மேலும் கிழக்கே சென்றே வீடு திரும்புகிறார். மயில் வாகனம் இல்லாமலே உலகை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார்!

நெடுந்தொலைவுக்கெனவே அமைந்த ஏர்பஸ் ஏ350 வகை விமானத்தில் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். அந்தப் பாரத்துக்கு ஈடாக இருக்கைகள் 161 மட்டுமே.

உண்மையில் குழப்புவது கடிகாரம். பயண நேரம் ஏறத்தாழ பதினெட்டரை மணி. நியூயார்க், சிங்கப்பூருக்குக் கோடையில் 12 மணியும் குளிரில் 13 மணியும் பின்தங்கியது. நள்ளிரவு கடந்து சாங்கியில் புறப்பட்டவர் அதே தேதியின் காலையில் நியூயார்க்கில் இறங்குகிறார். சீட்டைப் பார்த்தவர்கள் ஆறு மணிப் பயணம் என்று மயங்கலாம். முதியவரின் கால்களோ பதினெட்டரை மணியையும் உணரும். எனவே இடையிடையே எழுந்து நடக்க வேண்டும். நீரிழிவுக்கு மருந்து கொள்வோர், எந்த ஊர் நேரப்படி எப்போது கொள்வது என்பதை மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மருந்து கைப்பையில் இருக்கட்டும். சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வேண்டாம்.

திரும்பும் வழியில் நிலைமை தலைகீழ். வியாழன் இரவு பத்தரைக்கு நியூயார்க்கில் ஏறியவர் சாங்கியில் கால் வைக்கும்போது சனிக்கிழமை விடியற்காலை. வெள்ளிக்கிழமை அவருக்கு இல்லாமல் போகவில்லை. முழுவதும் வானிலேயே கழிந்தது. வெள்ளி விரதம் காக்கும் அம்மையார், சைவ உணவு வேண்டுமென விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். அல்லது ஒரு நாள் தள்ளி, வெள்ளி இரவு புறப்படுமாறு சீட்டு எடுக்கச் சொல்லலாம்.