மரல்: அடையாளமும் இயல்வாழிடமும்

சங்கப் பாடல்களில் வரும் மரல் என்னும் செடிக்குக் ‘கற்றாழை’ என்று பொருள் சொல்லிக் கடந்துவிடும் வழக்கம் வகுப்பறைகளில் இன்றும் உள்ளது. இப்பொருள்கோள் பாடலின் பொருளையே மாற்றிவிடுகிறது.

புறநானூறு 264ஆம் பாடலில், வீரனுக்கு நட்ட கல்லில் சூட்டும் செம்பூங்கண்ணி, மரலைப் பிளந்தெடுத்த நாரால் தொடுக்கப்படுகிறது. சோற்றுக்கற்றாழையின் மடலைப் பிளந்தால் கிடைப்பது சோறேயன்றிப் பூத்தொடுக்கும் நார் அன்று. ஆனைக்கற்றாழையில் வலிய நார் உண்டு. ஆனால் அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492க்குப் பின்னரே அது பிற நிலங்களுக்குப் பரவியது என்பதால் சங்கப் பாடலில் அதற்கு இடமில்லை. எஞ்சுவது, இன்றும் மருள் என வழங்கும் சான்செவியேரியா ராக்ஸ்பர்கியானா. சோழமண்டலக் கரையின் தாவரங்களை ஆராய்ந்த வில்லியம் ராக்ஸ்பர்க்கின் பெயரால் 1829இல் இச்செடிக்குப் பெயரிடப்பட்டது. 2018இல் இது திரசீனா பேரினத்துக்கு மாற்றப்பட்டது. பெயர் மாறினும் செடி அதுவே.

களத்தில் இதனை இனங்காண இலையையே முதலில் நோக்க வேண்டும். மண்ணுக்குள் படரும் கிழங்கிலிருந்து இலைகள் கொத்தாக, வாள்போல் நிமிர்ந்து எழும். உட்புறம் வாய்க்கால்போல் குழிந்தும், புறம் உருண்டும், குறுக்கே கரும்பச்சைப் பட்டைகளுடனும் இருக்கும். விளிம்பில் முள் இராது. கற்றாழையிலிருந்து இதனைப் பிரிக்க இவ்வொன்றே போதும். பூக்கள் வெளிறிய நிறத்தன. தனித்தண்டில் சிறு தொகுதிகளாகப் பூக்கும்.

திருவொற்றியூர்த் தெருக்களில் தொட்டிகளில் வளர்க்கப்படும் மஞ்சள் விளிம்புடைய ‘பாம்புக் கற்றாழை’ இதன் உறவினம். தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. அதன் இலை தட்டையானது; ஒரு கொத்தில் சில இலைகளே இருக்கும். மாணவர்க்கு மரல் எனக் காட்டப்படுவது பலவேளை இதுவே.

வாழிடமும் ஒரு சான்று. திருவொற்றியூர் முதல் எண்ணூர் வரை, கடலரிப்புக்கும் கற்சுவருக்கும் தப்பிய மணலில் காண்பதற்குரியவை அடும்பும் இராவணன் மீசையும். திறந்த மணல்மேடு மரலுக்கு உரியதன்று. கரைக்கு உட்புறம் உள்ள உலர் பசுமைமாறாக் காடுகளிலும் வறண்ட புதர்க்காடுகளிலும், முட்புதர்களின் அரைநிழலில், கல்லும் சரளையும் கலந்த நிலத்தில் அது தழைக்கும். கரையோரத்தில் அத்தகைய காடுகள் இன்று பெரும்பாலும் கோயிற்காடுகளாகவும் காப்புக்காடுகளாகவுமே எஞ்சியுள்ளன; சென்னை நகருக்குள் கிண்டிக் காடு அவ்வகையின் எச்சம்.

இவ்வாழிடம் பாடல்களோடு பொருந்துகிறது. புறநானூற்று நடுகல் நிற்பதும் பரற்கற்கள் நிறைந்த நிலத்திலேயே. கலித்தொகை 6ஆம் பாடலில், மழை பொய்த்த பாலையில் மரை என்னும் விலங்கு மரலைக் கவர்ந்து உண்கிறது. சதைப்பற்றுள்ள இவ்விலை கோடையிலும் நீரைத் தேக்கி வைப்பது. ஏனைய பசுமை கரிந்தபின் விலங்குக்கு எஞ்சுவது இதுவே. ‘கற்றாழை’ எனப் பொருள் கொண்டால் இந்நீர்மை மட்டும் விளங்கும். நடுகல்லின் கண்ணி விளங்காது. மரலை மரலாகவே கொண்டால் ஒரே இலையின் நீரும் நாரும் இரு பாடல்களையும் விளக்குகின்றன.