கோல் காத்தவன் பெயர் எங்கே?

2010-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் இரவை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். ஜகார்த்தாவில் மலேசியாவும் இந்தோனேசியாவும் தென்கிழக்காசியக் கிண்ணத்துக்காக மோதிய இரவு அது. மூன்று நாளைக்கு முன்பு புக்கிட் ஜாலிலில் நாம் 3-0 என்று வென்றிருந்தோம். ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்றும், மொத்தக் கணக்கில் 4-2 ஆகிக் கிண்ணம் நம் கைக்கு வந்தது. அந்தக் கிண்ணத்தை அதற்கு முன் நாம் தொட்டதே இல்லை. டிசம்பர் 31-ஆம் நாளை அரசாங்கம் பொது விடுமுறை என்றே அறிவித்து விட்டது.

அன்றைக்கு இன்னொரு சங்கதியும் நடந்தது. அந்தப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருது யாருக்குப் போயிற்று தெரியுமா? தோற்றுப்போன இந்தோனேசியக் குழுவின் தலைவர் ஃபிர்மான் உத்தினாவுக்கு! அதே ஆட்டத்தில் அவர் அடித்த பெனால்டியைப் பாய்ந்து தடுத்தவர் நமது கோல்காவலர் கைருல் ஃபாமி. அதிகக் கோல் போட்டவர் என்ற சிறப்பு, 5 கோல் போட்ட நமது சாஃபி சாலிக்குக் கிடைத்தது. அடித்துத் தவறவிட்டவருக்கும் விருது. கோல் போட்டவருக்கும் விருது. தடுத்தவருக்கோ கழுத்தில் மற்றப் பத்துப் பேருக்கும் விழுந்த அதே பதக்கம் மட்டுந்தான்.

ஃபிர்மான் உத்தினா அந்தப் போட்டி முழுவதும் நன்றாக ஆடியவர். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பதினொரு பேர் சேர்ந்து ஆடுகிற ஆட்டத்தில் ஒருவரை மட்டும் பிரித்தெடுத்து மாலை போடுவது எவ்வளவு சிக்கலான காரியம் என்பதைக் காட்டத்தான் சொன்னேன்.

இந்தச் சிக்கல் ஓட்டப்பந்தயத்தில் கிடையாது. நம் நாட்டில் தேசிய விளையாட்டு வீரர், வீராங்கனை விருதுகள் 1966-இல் தொடங்கின. முதல் ஆண்டிலேயே இரண்டையும் பெற்றவர்கள் நம் தமிழர்கள். அதிலும் இருவரும் நமது பேராக்கில் பிறந்தவர்கள். லகாட்டுக்கு வடக்கே கோலகங்சாரில் பிறந்தவர் டாக்டர் மணி ஜெகதீசன். தெற்கே தாப்பாவில் பிறந்தவர் எம். ராஜாமணி. 1966-ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஜெகதீசன் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் அஞ்சலோட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். ராஜாமணி 400 மீட்டரில் தங்கம் வென்றார்; மறு ஆண்டும் விருது அவருக்கே. 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனையை முறியடிக்க 2017 வரை, அதாவது 49 ஆண்டுகள், ஆயிற்று. ஓட்டக்காரனுக்குக் கடிகாரமே சாட்சி. யாருடைய தயவும் வேண்டியதில்லை.

காற்பந்துக்கு அப்படி ஒரு கடிகாரம் இல்லை. கோல் எண்ணிக்கை ஒன்றுதான் எல்லாக் கண்ணுக்கும் படுகிறது. ஆகவே கோல் போடுகிறவன் பெயர் நிலைக்கிறது. பின்னால் நின்று காத்தவன் பெயரும், திடலுக்கு வெளியே நின்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன பயிற்சியாளர் பெயரும் காற்றோடு போய்விடுகின்றன.

ஆர். ஆறுமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் கோல் காத்தவர். கை நீளத்தைப் பார்த்து 'ஸ்பைடர்மேன்' என்று நாடே அழைத்தது. 1980-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வீழ்த்தி, மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது மலேசியா. ஹசான் சானி ஒரு கோல், ஜேம்ஸ் வோங் ஒரு கோல். கோல் கம்பங்களுக்கு நடுவே ஆறுமுகம். அவருக்கு முன்னால் சோ சின் ஆன், சந்தோக் சிங். பிறகு ஆப்கானிஸ்தான் விவகாரத்தால் நம் நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. மாஸ்கோ திடலை அவர்கள் மிதிக்கவேயில்லை. 1988 டிசம்பரில் சாலை விபத்தில் ஆறுமுகம் காலமானார். வயது 35.

2016-இல் 'ஓலா போலா' என்ற மலாய்ப் படம் வந்ததே, அதில் முத்து என்ற கோல்காவலன் பாத்திரத்தைப் பார்த்துக் கண் கலங்கியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அந்தப் பாத்திரத்துக்கு மூலம் நமது ஆறுமுகந்தான். ஆனால் அவர் மறைந்து 27 ஆண்டு கழித்துத்தான் இளைய தலைமுறை அவர் பெயரைத் தேடிப் பார்த்தது. அதே படத்தில் பயிற்சியாளராக ஓர் ஆங்கிலேயர் வருகிறார். உண்மையில் 1980-இல் பயிற்றுவித்தவர் ஜெர்மானியரான கார்ல் வைகாங். அவரை ஈப்போக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டுமா? 1998-இல் பேராக் மலேசியக் கிண்ணத்தை வென்றபோது நம் குழுவைப் பயிற்றுவித்தவரும் அவர்தான். கதைக்காக மாற்றினார்கள், சினிமாவில் அதெல்லாம் சகஜம். ஆயினும் பயிற்சியாளர் பெயர் எவ்வளவு சுலபமாக மறைந்துவிடுகிறது, பாருங்கள்.

பயிற்சியாளர் என்றதும் கே. ராஜகோபாலைச் சொல்லாமல் விட முடியுமா? தாமும் ஒரு காலத்தில் நாட்டுக்காக ஆடியவர். 2009-இல் வியந்தியேன் சீ விளையாட்டுப் போட்டியில் வியட்நாமை 1-0 என்று வென்று, 20 ஆண்டுகளாகக் கிடைக்காத தங்கத்தை அவருடைய பையன்கள் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டுதான் மேலே சொன்ன ஜகார்த்தா இரவு. அந்தக் குழுவில் எஸ். குணாளனும் இருந்தார். ராஜகோபால் பின்னர் டத்தோ ஆனார். நம்மவர் ஒருவர் பயிற்சியாளராகவே பெயர் பெற்றார் என்பது சிறிய விஷயமில்லை.

கோல்காவலனைப் பெரிய உலகமும் இப்படித்தான் நடத்தியிருக்கிறது. ஐரோப்பாவில் 'பாலன் டோர்' என்னும் தங்கப் பந்து விருது 1956 முதல் கொடுக்கப்படுகிறது. அதைப் பெற்ற ஒரே கோல்காவலர் ரஷ்யாவின் லெவ் யாஷின், அதுவும் 1963-இல். அதற்குப் பிறகு இன்னொரு கோல்காவலருக்கு அது வாய்க்கவேயில்லை. இந்தக் குறை தெரிந்துதானோ என்னவோ, 2019-இல் கோல்காவலர்களுக்கென்றே தனியாக ஒரு விருதை ஏற்படுத்தி, அதற்கு யாஷின் பெயரை வைத்தார்கள். பயிற்சியாளர்களுக்குத் தனி விருது வந்தது 2024-இல்தான்.

அமெரிக்காவில் இன்னும் ருசிகரமான ஒரு செய்தி உண்டு. அங்கே காற்பந்து என்றால் நம் பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு முட்டி மோதி ஓடுகிற ஆட்டம். கல்லூரி ஆட்டக்காரர்களில் தலைசிறந்தவருக்கு 1935 முதல் 'ஹைஸ்மன்' விருது தருகிறார்கள். நடைமுறையில் அது பெரிய பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கே போகும். தடுத்தாடுவதையே முக்கிய வேலையாகக் கொண்ட ஒருவர் முதன்முதலாக அதைப் பெற்றது 1997-இல். அப்படியானால் சின்னக் கல்லூரிகளின் கதி? அவர்கள் பெரிய வீட்டு வாசலில் கைகட்டி நிற்கவில்லை. 1986-இல் இரண்டாம் பிரிவுக் கல்லூரிகளுக்கென்று ஹார்லன் ஹில் விருது தோன்றியது. அலபாமாவில் ஒரு சின்னக் கல்லூரியில் ஆடி, தொழில்முறை ஆட்டத்தில் பேரெடுத்து, பிறகு ஊருக்கே திரும்பிப் பள்ளி ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் இருந்தவர் அவர். (ஆசிரியர் பெயரில் விருது என்றவுடன் எனக்குக் கொஞ்சம் பெருமை வந்ததை மறைப்பானேன்!) 1993-இல் மூன்றாம் பிரிவுக்கு ஒரு விருது வந்தது. அந்தப் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்காக உபகாரச் சம்பளம் கொடுப்பதே இல்லை. ஆடுகிறவன் ஆசைக்காக ஆடுகிறான். அந்த விருதுக்கு ஜான் கலியார்டி என்ற பயிற்சியாளர் பெயரை, அவர் பயிற்றுவித்துக்கொண்டிருக்கும்போதே வைத்தார்கள். மின்னசோட்டாவில் ஒரு சிறு கல்லூரியில் 1953 முதல் 2012 வரை பயிற்றுவித்தவர். மொத்தம் 489 வெற்றி. பயிற்சியில் விசில் ஊத மாட்டாராம். பையன்களை ஒருவர்மேல் ஒருவர் மோதிக் கீழே தள்ளவும் விட மாட்டாராம். கையில் பிரம்பு இல்லாமல் காரியம் நடக்காது என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, இதெல்லாம் நமக்கு எதற்கு?

தோட்டத்து வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு ஒரு வார்த்தையில் விளங்கிவிடும். செக்ரோலில் பெயர் விழாத நாளுக்குச் சம்பளம் உண்டா? விடியற்காலையில் எழுந்து எத்தனை மரம் வெட்டினாலும் சரி, கிராணியின் புத்தகத்தில் குறி விழுந்தால்தான் அது வேலை. நம் பிள்ளைகளின் ஆட்டமும் அப்படித்தான். லகாட், மெங்லெம்பு, பத்து காஜா வட்டாரத்தில் எத்தனை செம்மண் திடல்களில் எத்தனை பையன்கள் ஆடினார்கள்! தீபாவளிக் கிண்ணம், மே தினக் கிண்ணம் என்று எத்தனை சுழற்கிண்ணங்கள்! ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய்த் தாமான் வந்தது. திடல் இருந்த இடத்தில் வீடுகள் நிற்கின்றன. அந்த ஆட்டங்களில் யார் ஆடினார்கள், யார் கோல் காத்தார்கள் என்று கேட்டால் பெரியவர்கள் நெற்றியைச் சொறிகிறார்கள். கிண்ணத்தில் தோட்டத்தின் பெயர் இருக்கிறது. ஆடியவன் பெயர் இல்லை.

2016 பிப்ரவரியில் பினாங்கு ஆட்டக்காரர் ஃபைஸ் சுப்ரி நம் உள்நாட்டு லீக் ஆட்டம் ஒன்றில் ஒரு ஃபிரீகிக் அடித்தார். பந்து ஒரு பக்கம் போவதுபோல் போய், காற்றில் மறுபக்கம் வளைந்து உள்ளே நுழைந்தது. அந்த ஒரு கோலுக்காக 2017 ஜனவரியில் உலகக் காற்பந்துச் சம்மேளனத்தின் புஸ்காஸ் விருது அவருக்குக் கிடைத்தது. அதே மாதிரி ஒரு பந்தை நம் தோட்டத் திடலில் எவனும் அடித்ததில்லை என்று யார் சொல்ல முடியும்? பினாங்கு ஆட்டத்தைப் படம் பிடிக்க ஆள் இருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

பெற்றோர்களே, இதில் வெறும் பெருமை மட்டும் இல்லை. உங்கள் மகனோ மகளோ மெட்ரிகுலேஷனுக்கும், எஸ்.டி.பி.எம். முடித்துப் பல்கலைக்கழகத்துக்கும் மனுச் செய்யும்போது, தேர்வுப் புள்ளி 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கை 10 விழுக்காடு என்று பல ஆண்டுகளாகக் கணக்கிட்டு வருகிறார்கள். அந்தப் பத்து எங்கிருந்து வரும்? இடைநிலைப்பள்ளியில் சேர்த்த சான்றிதழ்களிலிருந்து. எந்த நிலையில் ஆடினான், பள்ளிக்கா, மாவட்டத்துக்கா, மாநிலத்துக்கா, என்ன பொறுப்பு வகித்தான் என்பதெல்லாம் தாளில் இருக்க வேண்டும். 'நன்றாக ஆடுவான் சார்' என்று அம்மா சொல்வது எந்தக் கணினியிலும் ஏறாது.

எங்கள் பள்ளி சின்னப் பள்ளி. பதினொரு பேரைச் சேர்ப்பதே பெரும்பாடு. சில ஆண்டுகளில் நான்காம் ஆண்டுப் பிள்ளையையும் பெரியவர்களோடு இறக்க வேண்டியிருக்கும். கோல்காவலனாக யாரை நிறுத்துவது என்றால், சப்பாத்து இல்லாதவனைப் பிடித்து நிறுத்துவதுதான் வழக்கம். ஆகவே அந்த இடம் தண்டனை போலவே ஆகிவிட்டிருந்தது. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். ஆட்டம் நடந்த தேதி, எதிர்க்குழு, ஆடிய பிள்ளைகளின் முழுப்பெயர், தடுத்த பந்துகள் எத்தனை, கோலுக்குப் பந்து கொடுத்தது யார், எல்லாவற்றையும் அன்றன்றே எழுதுவேன். ஆண்டு முடிவில் பரிசளிப்பின்போது 'சிறந்த கோல்காவலர்', 'சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர்' என்று இரண்டு சிறு பரிசுகள். கிண்ணம் வாங்கப் பணமில்லை. கெட்டித்தாளில் சான்றிதழ், 'இந்த ஆண்டு 5 ஆட்டங்களில் 14 பந்துகளைத் தடுத்தார்' என்று அதில் கையால் எழுதித் தலைமையாசிரியர் கையொப்பமிட்டு முத்திரை குத்துவார். இப்போது கோல் கம்பத்தடியில் நிற்க இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள். போன வருடம் ஒரு பெண்பிள்ளையும் கேட்டாள். கையுறை பெரிதாக இருந்தது. மணிக்கட்டில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டி நிறுத்தினோம்.

உங்கள் வட்டாரத்தில் கிண்ணம் நடத்துகிற இளைஞர் மன்றத்தாரிடம் நீங்களும் கேட்டுப் பாருங்கள். கிண்ணத்துக்குச் செலவழிப்பதில் ஒரு சிறு பங்கு போதும். ஆட்டத்தைப் பார்த்துக் குறிக்க, சொந்தப் பிள்ளை ஆடாத ஒருவரை உட்கார வையுங்கள். இல்லாவிட்டால் மண்டோர் மகனுக்கே எல்லாப் பரிசும் என்ற பேச்சு வரும்! பயிற்றுவித்தவர் பெயரையும் சான்றிதழின் அடியில் போடச் சொல்லுங்கள். வேலை முடிந்து வந்து, சம்பளமில்லாமல், இருட்டும்வரை பிள்ளைகளோடு ஓடுகிற அந்த அண்ணன்மார் பெயர் வேறு எங்கேயும் பதிவாகப்போவதில்லை.

சான்றிதழ் வந்ததும் சுவரில் ஆணி அடித்து மாட்டாதீர்கள். மழை ஒழுகினால் மை கரைந்துவிடும், கரையானுக்கும் நல்ல தீனி. பிறப்புப் பத்திரம் வைத்திருக்கும் அதே பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். இரண்டு நகல் எடுத்து, ஒன்றை வகுப்பாசிரியரிடம் கொடுத்துப் பிள்ளையின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று அன்றைக்கே பார்த்துவிடச் சொல்லுங்கள்.