யூரியா மூட்டையில் சிற்றாற்றுத் தண்ணீர்

இலஞ்சி விவசாயிகள் நெல்லுக்கு இடும் யூரியாவுக்கும் நம் சிற்றாற்றுக்கும் தொடர்பு உண்டு. தூத்துக்குடி ஸ்பிக் ஆலை 1975-இல் உற்பத்தியைத் தொடங்கியது. காற்றிலுள்ள நைட்ரஜனை ஹைட்ரஜனுடன் சேர்த்து அம்மோனியாவும், அதிலிருந்து யூரியாவும் செய்கிறார்கள். ஹைட்ரஜன் முன்பு நாப்தாவிலிருந்து கிடைத்தது. 2021 முதல் இயற்கை எரிவாயுவிலிருந்து. எதுவானாலும் நீராவிக்கும் குளிர்விக்கவும் தண்ணீர் வேண்டும்.

குற்றாலத்தில் விழும் சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியுடன் கலந்து ஸ்ரீவைகுண்டம் அணைக்குப் போகிறது. தூத்துக்குடி ஆலைகளுக்குக் குழாய் போட்டது அங்கிருந்துதான். மழை பொய்த்த ஆண்டுகளில் கடைமடை விவசாயிகள் கொதித்தது நியாயமே. வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது.

45 கிலோ மூட்டையில் தழைச்சத்து 20.7 கிலோ. தேங்கிய நீரில் வீசினால் ஒரு பகுதி மறுபடி அம்மோனியாவாகிக் காற்றோடு போய்விடும். வயல் நீரை வடித்துவிட்டு மேலுரமிடுங்கள். ஓரிரு நாள் கழித்து நீர் கட்டலாம்.