தெருவுக்கு அடியில் இருக்கும் சாதி

சாலை உள்வாங்கினால் பொறியாளரைக் கூப்பிடுகிறோம். சாக்கடை அடைத்தால் துப்புரவுத் தொழிலாளியைத் தேடுகிறோம். இரண்டும் வெவ்வேறு வேலை என்றே நமக்குப் பழக்கப்படுத்தியிருக்கிறார்கள். வடசென்னையின் வியாசர்பாடியில், தலித் மக்கள் நெருக்கமாக வாழும் சந்துகளில் நடந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே என்று புரியும்.

சென்னையின் பாதாளச் சாக்கடைத் திட்டம் 1910இல் வகுக்கப்பட்டது. 1961இல் நகரத்தில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று அன்று கணக்குப் போட்டார்கள். அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் இருந்தவர்களோ 17 லட்சத்துக்கும் மேல். பின்னர் புதுக் குழாய்கள் வந்தன, நீரேற்று நிலையங்கள் வந்தன, 1978இல் தனி வாரியமே வந்தது. ஆனாலும் சுமை எப்போதும் குழாயை முந்திக்கொண்டே போகிறது.

குழாய் நிரம்பி ஓட்டம் தேங்கினால் மலம் அடியில் படியும். அது அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு கிளம்பும். குழாயின் மேற்புற ஈரத்தில் நுண்ணுயிர்கள் அந்த வாயுவைக் கந்தக அமிலமாக்கும். அமிலம் சிமென்டைத் தின்னும், இரும்பைத் தின்னும். ஒருநாள் குழாயின் தலை உடையும், மண் உள்ளே சரியும், மேலே சாலை குழியாகும். மண் விழுந்த குழாய் மீண்டும் அடைக்கும். அடைப்பு எடுக்க ஒரு மனிதரை இறக்குவார்கள். குழாயைத் தின்ற அதே வாயு இப்போது அவரைக் கொல்லும். இறங்குகிறவர் எந்தச் சாதி என்று நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

ஆகவே பழைய குழாயை மாற்றுவது வெறும் கட்டுமானக் கோரிக்கை இல்லை. குழாய் மாறாத தெருவில் அடைப்பு நிற்காது. அடைப்பு நிற்காத வரை ஆளைத் தேடுவதும் நிற்காது.

குடிநீரையும் இது விடுவதில்லை. வடசென்னைத் தெருக்களில் குடிநீர்க் குழாயோடு இணைத்த அடிபம்புகளைப் பார்க்கலாம். அழுத்தம் குறைந்த குழாயில் கைப்பிடியை அடித்து இழுக்கும்போது, பக்கத்தில் கசியும் சாக்கடையும் விரிசல் வழியே சேர்ந்து வரும். வீட்டுப் பெண்கள் முதல் சில குடங்களைக் கீழே கொட்டிவிட்டுப் பிடிப்பது இதனால்தான்.

அடியில் கைவைக்காமல் மேலே மட்டும் தார் ஊற்றுவது இன்னொரு கொடுமை. அடுக்கடுக்காகச் சாலை உயர, வீடு பள்ளமாகிறது. மழை வந்தால் சாக்கடை வாசல் தாண்டி உள்ளே வருகிறது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். பெரிய சாலைகளில் அந்த இயந்திரத்தைப் பார்க்கிறோம். சந்துக்குள் அது வருவதில்லை. அடைப்பு எடுக்கும் லாரியும் வருவதில்லை. இயந்திரம் நுழையாத இடத்தில் மனிதர் நுழைய வேண்டும் என்பது இங்கே எழுதப்படாத விதி.

எழுதப்பட்ட விதி வேறு. 2013ஆம் ஆண்டுச் சட்டம், சாக்கடையில் ஆபத்தான முறையில் ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் ‘ஆபத்தான முறை’ என்பதற்குப் ‘பாதுகாப்புக் கருவி தராமல்’ என்று விளக்கம் தந்து, சட்டமே ஒரு சந்தைத் திறந்து வைத்திருக்கிறது. இனி மனிதர் இறங்கும் குழி இருக்காது, இயந்திரம் இறங்கும் குழிதான் என்று 2023 ஒன்றிய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். பெயரை மாற்றுவது எளிது. குழியைச் சந்துக்கு ஏற்ற சிறு இயந்திரத்தோடு சேர்த்து மாற்றுவதற்குத்தான் பணம் வேண்டும்.

இது சென்னைக் கதை என்று கிராமத்து வாசகர்கள் விட்டுவிட வேண்டாம். பாதாளச் சாக்கடை இப்போது மாவட்ட நகரங்களுக்கும் வந்துவிட்டது. ஒப்பந்தக்காரர் ஆள் தேடி நம் சேரிக்குத்தான் வருகிறார். மாணவர்கள் இரண்டு செய்திகளை ஊரில் சொல்லிவையுங்கள். சாக்கடை மரணத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. காவல் நிலையத்தில் ‘விபத்து’ என்று மட்டும் எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2013 சட்டத்தையும், இறந்தவர் தலித் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் முதல் தகவல் அறிக்கையில் சேர்க்கச் சொல்லி, நகலைக் கையில் வாங்கிய பிறகே கிளம்புங்கள்.